பிடதி வொண்டர்லாவுக்கு ஓர் இரவு தங்கிப் போய்வர: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா என்றால் பெரும்பாலும் பெங்களூரைத் தாண்டி மைசூர் ரோட்டில், பிடதியில் இருப்பதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 165-ஐ ஒட்டி வரும். காலையில் கிளம்பி இரவே வீடு திரும்பிவிடலாம். குழந்தை குட்டிகளோடு போனால், ஓர் இரவு தங்கினால் என்ன என்றும் தோன்றும். இந்த இரண்டுங்கெட்டான் தூரத்தில்தான் பணம் கரைகிறது.

புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் நுழைவு டிக்கெட்டில் எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும் என்று தேடுவதிலேயே ஒரு வாரத்தை ஓட்டுகிறார்கள். அதில் மிச்சப்படுவது கொஞ்சம்தான். எந்தத் தேதி, எந்த இரவு தங்குவது, எந்த வண்டி என்ற மூன்று முடிவுகளில்தான் பெரிய தொகை இருக்கிறது. ஒன்றை முடிவு செய்தால்தான் அடுத்ததன் விலை தெரியும் என்பதால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன்

ஒரு தாளில் வருகிறவர்கள் பெயர், வயது, உயரம் மூன்றையும் எழுதுங்கள். அறுபது வயது தாண்டியவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள் யார் யார் என்று தனியாகக் குறியுங்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் அசலாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதாக இருந்தால், பணம் கொடுக்கும் பொறுப்பை ஒரே ஆளிடம் விடுங்கள். ஆளாளுக்கு ஜிபே செய்தால் கடைசியில் கணக்கும் தேறாது, மனக்கசப்பும் வரும்.

1. முதலில் தேதி. அதுவும் கர்நாடகக் காலண்டரைப் பார்த்து

பூங்காவில் கட்டணம் எல்லா நாளும் ஒன்றில்லை. சனி, ஞாயிறு, விடுமுறைக் காலம் என்றால் கூடும். அறை வாடகையும் அப்படித்தான். கட்டணத்தை விடப் பெரிய நஷ்டம் வரிசையில் நிற்பது. கூட்ட நாளில் ஒரு ராட்டினத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் சாதாரண நாளில் மூன்றில் ஏறி இறங்கிவிடலாம்.

நம்மவர்கள் தமிழ்நாட்டு விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். அங்கே கூட்டம் சேர்ப்பது பெங்களூர்க்காரர்கள். ஆகவே நமக்கு லீவு, அவர்களுக்கு வேலை நாள் என்று வரும் தேதிகளைத் தேடுங்கள். பொங்கலுக்கு அங்கே சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் நமக்கு மட்டும்தான். ஆடிப்பெருக்குக்குத் தருமபுரி மாவட்டத்தில் வழக்கமாக உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், கர்நாடகத்தில் அன்றைக்குச் சாதாரண நாள். ஊரே ஒகேனக்கல் பக்கம் திரும்பியிருக்கும்போது நீங்கள் ஓசூர் பக்கம் திரும்பலாம்.

இதற்கு நேர்மாறானவையும் உண்டு. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் நமக்கு வேலை நாளாகத் தெரியும், அங்கே விடுமுறை. தசரா விடுமுறையும் ஏப்ரல், மே மாதங்களும் வேண்டாம். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை வரை இரண்டு மாநிலத்திலும் பள்ளி திறந்திருக்கும். அப்போது செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள் கிடைத்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. பள்ளிக்கு ஒரு நாள் லீவு போடுவதா என்பது உங்கள் வீட்டு வழக்கு, நான் நடுவில் வரவில்லை.

டிசம்பர், ஜனவரியில் போனால் நாலு மணிக்கு மேல் தண்ணீரில் இறங்க முடியாத அளவுக்குக் குளிரும். தண்ணீர் விளையாட்டுக்காகவே போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

2. உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

குழந்தை டிக்கெட்டுக்கு இங்கே வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை, அதற்கு மேல் பெரியவர் என்பது வொண்டர்லாவின் வழக்கமான அளவு. பதிவு செய்யும் பக்கத்தில் அப்போதைய அளவை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் தடுமாறுவது ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். வீட்டில் செருப்பில்லாமல் 138 இருக்கும் பையன், அடி தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் அளவுகோலின் கீழ் போய் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். கோட்டைத் தொட்டுவிட்டால் அவனுக்குப் பெருமை, அப்பாவுக்கு வித்தியாசத் தொகை. மெல்லிய செருப்பே போதும், எப்படியும் உள்ளே போனதும் கழற்றத்தான் போகிறோம்.

உயரம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. பெரிய ராட்டினங்களுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் 120 செ.மீ.க்குக் கீழ் என்றால் பாதிப் பூங்காவை வெளியே நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட குடும்பம் இரண்டு வருடம் பொறுத்துப் போனால் அதே காசுக்கு இரட்டிப்பு விளையாட்டு கிடைக்கும்.

3. எந்த இரவு தங்குவது?

மொத்தச் செலவில் பெரிய பங்கு அறைக்குத்தான், இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் யோசியுங்கள்.

பலர் செய்வது இப்படி: விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பகல் முழுக்கப் பூங்காவில் ஆடி, மாலை ஆறரைக்குப் பூங்காவை ஒட்டிய வொண்டர்லா ரிசார்ட் அறைக்குள் நுழைவார்கள். எல்லோரும் அடித்துப்போட்டாற்போல் தூங்கி எழுந்தால் அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் வந்துவிடும். மதியத்திலிருந்தே அந்த அறைக்கு வாடகை ஓடிக்கொண்டிருந்தது. நீச்சல் குளமும் விளையாட்டு அறையும் கண்ணில் படவே இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது ஒரு தூக்கம்.

அதே ஓர் இரவைப் பூங்காவுக்கு முந்தைய நாளில் வையுங்கள். காலையில் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல் கிளம்பினால் அறை கொடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அந்த மாலை முழுக்க ரிசார்ட் உங்களுடையது. பிள்ளைகள் குளத்தில் கிடப்பார்கள். மறுநாள் தூக்கம் தெளிந்து, காலை உணவை நிதானமாக முடித்து, வாசல் திறக்கும்போது முதல் வரிசையில் நிற்கலாம். அன்று மாலையே ஊருக்குக் கிளம்பிவிடலாம். இரண்டாவது இரவு தேவையே இல்லை.

இதற்கு ஒரே விதிவிலக்கு, வண்டி ஓட்டுகிறவர் நீங்களே என்றால். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய உடம்போடு இரவில் மூன்று மணி நேரம் ஓட்டுவது ஆபத்து. மாற்றி ஓட்ட இன்னொருவர் இல்லாவிட்டால் பூங்கா முடிந்த இரவில் தங்குங்கள். ஆனால் அதற்கு ரிசார்ட் தேவையில்லை. பிடதியிலோ ராமநகரத்திலோ சுத்தமான லாட்ஜ் போதும். தூங்குவதற்கு மட்டும்தானே.

பாட்டியும் கைக்குழந்தையும் வருகிறார்கள் என்றால், பதியும்போதே அறையைத் தாமதமாகக் காலி செய்ய முடியுமா, அதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். ராட்டினத்தில் ஏறப்போகாத ஒருவருக்கு டிக்கெட் எடுத்து மரத்தடியில் உட்காரவைப்பதற்குப் பதில், அரை நாள் வாடகை கொடுத்து அறையில் படுக்கவைப்பது சில சமயம் மலிவு. உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் பாட்டிக்கு ஆசை என்றால் அது வேறு. அப்போது மூத்த குடிமக்கள் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

4. அறை வாடகையில் வரியைப் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் முழு வாடகைக்கும் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரி 375 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 1,368 ரூபாய். நூறு ரூபாய் கூடுதல் வாடகைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கூடுதல் வரி. வாடகை இந்த எல்லைக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், குறைந்த நாள் கிடைத்துவிடும்.

திரையில் பெரிதாகத் தெரியும் தொகை பெரும்பாலும் வரிக்கு முந்தியது. கடைசிப் பக்கம் வரை போய், பணம் கட்டும் முன் வரும் மொத்தத்தை எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

அறையும் பூங்கா டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ் நல்லதா என்று கேட்பவர்களுக்கு: தனித்தனியாக எடுத்தால் என்ன ஆகும் என்று முதலில் கூட்டுங்கள். காலை உணவு எத்தனை பேருக்கு, மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் மெத்தை எவ்வளவு, குழந்தைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் போனில் கேட்டுவிட்டுப் பிறகு பேக்கேஜ் விலையோடு வைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு லாபமாக இருப்பது ஐந்து பேருக்கு இருக்காது.

5. டிக்கெட்

தேதியும் உயரமும் அறையும் முடிவான பிறகுதான் டிக்கெட். முதலிலேயே எடுத்துவிட்டு, அறை கிடைக்காமல் தேதி மாற்ற அலைபவர்கள் நிறைய. பணம் திரும்பக் கிடைக்குமா, தேதியாவது மாற்றலாமா என்ற விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் வாசலில் எடுப்பதை விடக் குறையும். கல்லூரி மாணவர் சலுகைக்கு அசல் அடையாள அட்டை வேண்டும், போனில் இருக்கும் போட்டோ செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள். சலுகைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேராது. எது அதிகமோ அதை மட்டும் எடுங்கள்.

பூங்காவின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். வாட்ஸப்பில் பாதி விலைக்கு வரும் டிக்கெட், ‘நீங்கள் பரிசு வென்றிருக்கிறீர்கள், ரிசார்ட்டில் மூன்று நாள் இலவசம்’ என்று வரும் போன், இரண்டையும் கண்டுகொள்ளாமல் விடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்ல வேண்டும்.

வரிசையில் நிற்காமல் போகும் பாஸ்ட்ராக் டிக்கெட் வார நாளில் வீண் செலவு. தவிர்க்கவே முடியாமல் மே மாத ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

6. வண்டி

சொந்தக் கார் என்றால்: ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறாமல் நைஸ் ரோட்டுக்குத் திரும்பிவிடுங்கள். சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் கெங்கேரி பக்கம் மைசூர் ரோட்டில் கொண்டுபோய் விடும். டோல் உண்டு, கொடுக்கலாம். நகருக்குள் புகுந்தால் அந்தப் பணம் டீசலாகவும் பிள்ளைகளின் வாந்தியாகவும் போகும்.

மைசூர் ரோட்டில் இன்னொரு கவனம். 2023-ல் திறந்த எக்ஸ்பிரஸ் சாலை பிடதி ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய் இறங்கும் இடத்தை விட்டுவிட்டு, எங்கோ திரும்பி வருகிறவர்கள் உண்டு. சர்வீஸ் ரோட்டிலேயே போங்கள். தூரம் கொஞ்சம்தான், எக்ஸ்பிரஸ் டோலும் மிச்சம். பைக்கில் போகும் பையன்களுக்கு அது ஒன்றே வழி. எக்ஸ்பிரஸ் பாதையில் இரு சக்கர வண்டிக்கு 2023 ஆகஸ்ட் முதல் தடை.

பாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். பாஸ்டேக் வேலை செய்யாமல் போனால் யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு என்பது 2025 நவம்பர் 15 முதல் விதி. 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த வருட பாஸ் அடிக்கடி பெங்களூர் போய்வருகிறவர்களுக்கு நல்லது, இந்த ஒரு பயணத்துக்காக வாங்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை டோலுக்குத்தான் அது செல்லும், நைஸ் ரோட்டில் செல்லாது.

வாடகை வண்டி என்றால்: கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு முடித்துக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஓசூர் தாண்டும்போது டிரைவர் மெதுவாக, “அண்ணா, கர்நாடகா பர்மிட் தனி” என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான், அகில இந்திய பர்மிட் இல்லாத நம் மஞ்சள் போர்டு வண்டி அங்கே நுழைய வரி கட்டியாக வேண்டும். முன்னாடியே பேசாததுதான் பிரச்சினை. பர்மிட், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, இரவு தங்கினால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, இந்த ஐந்தையும் பேசி வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தங்குகிற பயணத்தில் வண்டி சும்மா நிற்கும் நேரத்துக்கும் வாடகை ஏறும். ஆறு பேருக்குக் குறைவு என்றால் சொந்தக் காரோ பஸ்ஸோதான் கட்டுப்படியாகும்.

பஸ்ஸில் போகிற இளைஞர்களுக்கு இப்போது வழி எளிது. ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவில் இறங்கினால் 2025 ஆகஸ்டில் தொடங்கிய மஞ்சள் மெட்ரோ இருக்கிறது. ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறி, கடைசி ஸ்டேஷன் சல்லகட்டாவில் இறங்கினால் பிடதிக்கு பஸ். தருமபுரிக்காரர்களுக்கு ரயிலும் உண்டு. பெங்களூர் போய் மைசூர் பக்கம் போகும் வண்டியில் பிடதியில் இறங்கலாம். கிருஷ்ணகிரிக்குத்தான் ஸ்டேஷனே இல்லையே. கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். நம் ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

7. தண்ணீர் விளையாட்டுக்கான துணி

தண்ணீர்ப் பகுதியில் நைலான், பாலியெஸ்டர் போன்ற துணிக்குத்தான் அனுமதி. பருத்தி, புடவை, துப்பட்டாவோடு சுடிதார், ஜீன்ஸ் எதுவும் கூடாது. நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும், சறுக்கில் துணி மாட்டி ஆளுக்கும் அடிபடும் என்பதால்தான் இந்த விதி.

அலை குளத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும்: புதிதாக வந்த குடும்பத்தில் அம்மா மட்டும் கரையில் பைகளுக்குக் காவல் இருப்பார். ஆசை இல்லாமல் இல்லை. காட்டன் சுடிதாரில் வந்திருப்பார், உள்ளே கடையில் விற்கும் விலையைக் கேட்டு ‘எனக்கு எதுக்கு, நீங்க போங்க’ என்று சொல்லியிருப்பார். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் பாதி அங்கேயே போயிற்று. கிளம்பும் முன்பே ஊரில் ஸ்போர்ட்ஸ் கடையில் முழுக்கை பாலியெஸ்டர் டீ-ஷர்ட்டும் கணுக்கால் வரை லைக்ரா டைட்ஸும் எடுத்துவிடுங்கள். உடம்பை மூடியிருக்கும், விதிக்கும் உட்பட்டது, அடுத்த முறைக்கும் ஆகும்.

ஆளுக்கு ஒரு துண்டு, கண்ணாடிக்குக் கயிறு, போனுக்குத் தண்ணீர் புகாத உறை இவையும் வீட்டிலிருந்தே. ஈரத் துணிக்கு ஒரு கட்டைப்பை, அதற்குள் தடித்த பிளாஸ்டிக் கவர்.

8. சாப்பாடு

வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். புளிசாதத் தூக்கு வாசலில் நின்றுவிடும். ஆகவே கட்டுச்சோற்றைப் போகும் வழிக்கும் முதல் நாள் மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கான உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டா என்று முன்பே கேட்டுவிடலாம்.

அறையில் காலை உணவு சேரவில்லை என்றால் கவலை வேண்டாம். பிடதி என்றாலே தட்டு இட்லி. தட்டு அளவுக்கு அகலமாக, பஞ்சு மாதிரி, மேலே ஒரு உருண்டை வெண்ணெயோடு வரும். பூங்கா பொதுவாகப் பதினொரு மணிக்குத்தான் திறக்கிறது. ஒன்பதரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆளுக்கு இரண்டு தின்றால் மதியம் இரண்டு மணி வரை பசி எடுக்காது. உள்ளே ஒரே ஒரு வேளை மட்டும் வாங்கினால் போதும்.

9. உள்ளே எந்த வரிசையில் போவது

வாசல் திறந்ததும் எல்லோரும் முதலில் கண்ணில் படுவதில் நிற்பார்கள். நீங்கள் நேராகக் கடைசிக்கு நடந்து, அங்கிருந்து தொடங்குங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் தலைகீழாகச் சுற்றும் பெரிய ராட்டினங்களை முடித்துவிட வேண்டும். அப்போது வரிசையும் குறைவு, வயிறும் லேசு. சாப்பிட்ட பிறகு ஏறினால் வாங்கித் தின்றது வெளியே வந்துவிடும்.

தண்ணீர்ப் பகுதிக்குப் போகும்போது லாக்கர் ஒன்றே எடுங்கள், குடும்பத்துக்கு அது போதும். முன்பணம் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நனைந்துவிட்டு மறுபடி உலர்ந்த ராட்டினத்துக்கு வருவது, மறுபடி நனைவது என்று மாறி மாறிப் போனால் உடை மாற்றவே பொழுது போய்விடும். ஒரு முறை நனைந்தால் நாலரை வரை தண்ணீர், பிறகு குளித்து உடை மாற்றி, மெதுவாகச் சுற்றும் ராட்டினங்கள். மழை நடன அரங்கை உடை மாற்றும் முன்பே முடித்துவிடுங்கள், அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் வரும்.

10. கிளம்பும் நேரத்தில்

ஞாயிறு மாலை ஓசூர் ரோட்டில் பெங்களூருக்குள் வருகிற பக்கம்தான் நெரியும், வெளியே போகிற நம் பக்கம் அவ்வளவு இருக்காது. வெள்ளி மாலை அப்படியே தலைகீழ். வெள்ளிக்கிழமை பூங்காவுக்குப் போனால் இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு எட்டரைக்கு மேல் கிளம்புங்கள்.

வெளியேறும் வழியில் ராட்டினத்தில் எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டுக் காட்டுவார்கள், பக்கத்திலேயே பொம்மைக் கடை இருக்கும். பிள்ளைகளுக்குக் காலையிலேயே ஆளுக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். தன் காசு என்று தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளைகூட அந்தக் கடையில் இருபது நிமிடம் யோசிக்கும், பாதிப் பிள்ளைகள் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து கிருஷ்ணகிரி தாண்டும்போது பரோட்டா கேட்கும்.